துனிசுக்குப் போய்வந்த மடு மண்

அத்தியாயம் ஆறு

"இந்தப் பாம்பை எனக்குத் தெரியும்" என்றான் றொனி.

காணாமல் போன மனிதனின் படத்தைக் காட்டினால், ஆளைத் தெரியும் என்பார்கள், அல்லது தெரியாது என்பார்கள். பாம்பைத் தெரியும் என்று சொல்லக்கூடிய பிறவி பலேர்மோ நகரத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அதுவும் அகஸ்ரீனாவுக்கு உதவியாளாக வாய்த்திருந்தது. அவள் மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, பகிடிக்கு இது நேரமில்லை என்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

நேரமில்லைதான். எதிரே நாற்காலியின் விளிம்பில் விமலராணி உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாகப் புருசனைக் காணாத பெண். அழுது முடித்து, இனி அழுவதற்குத் தெம்பில்லாமல், மேசை மேல் கிடந்த தன் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போர்கோ வெக்கியோ சந்தையில் ஒரு சலவைக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் அகஸ்ரீனாவின் துப்பறியும் நிலையம். பேசாலையில் பிறந்து, பாதி வயதைப் பலேர்மோவில் கழித்தவள். பொலிசுக்குப் போகப் பயந்த தமிழர்கள் அவளிடம் வருவார்கள். போய் வெறுங்கையோடு திரும்பியவர்களும் வருவார்கள். றொனி, ஆப்பே என்கிற மூன்று சக்கர வண்டியில் உல்லாசப் பயணிகளை ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிறவன். வெள்ளைக்காரர்களுக்கு நாள் முழுக்கக் கதை சொல்லிச் சொல்லி, வாயை மூடுகிற பழக்கமே அவனுக்கு விட்டுப்போயிருந்தது.

விமலராணியின் கதை இதுதான். கணவன் கொன்ஸ்ரன்ரைன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறவன். கிரிசாந் என்பவன் தமிழர்களுக்காக நடத்தும் நான்கு நாள் சுற்றுலாவில் துனிசுக்குப் புறப்பட்டான். பலேர்மோவில் கப்பல் ஏறிப் படுத்து எழும்பினால் ஆப்பிரிக்கா. கடலோரத்தில் கார்த்தேஜ் இடிபாடுகள், பார்தோ அருங்காட்சியகத்தின் கற்சித்திரங்கள், மலை மேல் வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாக சிடி பூ சயீத், பழைய நகரத்தின் அத்தர்க் கடைத் தெரு, கடைசி இரவில் மேளமும் குட நடனமும் பாம்பாட்டியும் சேர்ந்த பெரிய விருந்து. கிரிசாந்தின் நோட்டீசில் இவ்வளவும் வண்ணத்தில் இருந்தன.

விமலராணிக்கும் போக ஆசை. அவள் பராமரிக்கிற இத்தாலியக் கிழவி, அந்த சிஞ்ஞோரா, லீவு கொடுக்கவில்லை. துறைமுகத்துக்குப் போய் வழியனுப்பக்கூட விடவில்லை. ஆகவே விமலராணி புருசனிடம் போகிற இடமெல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள், பாம்பாட்டியோடு ஒன்று கட்டாயம் வேண்டும் என்றாள்.

படங்கள் ஒழுங்காக வந்தன. பாம்புப் படமும் வந்தது. நாலாம் நாள் கப்பலும் வந்தது. கொன்ஸ்ரன்ரைன் வரவில்லை. அவனுக்குப் பதிலாக அவனுடைய கைபேசியிலிருந்து ஒரு செய்தி வந்தது. நான் வேறு வாழ்க்கை தேடிப் போகிறேன், என்னைத் தேட வேண்டாம்.

பழைய நகரத்துக் கடைத் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிட்டான் என்று கிரிசாந் கையை விரித்தான். வளர்ந்த மனிதன், தானே எழுதியிருக்கிறான், இதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று பொலிசும் அனுப்பிவிட்டது. கோயிலிலோ ஆறுதல் சொல்லுகிற சாக்கில், அவன் யாரோடு ஓடினான், அந்தப் பெண் எந்த ஊர் என்று விசாரித்தார்கள். இந்த விசாரணையில் நம்மவர்களை மிஞ்ச எந்தத் துப்பறியும் நிபுணராலும் முடியாது.

"ஓடிப்போனவர் எண்டே வைப்பம்" என்றாள் விமலராணி. "எங்கையெண்டாலும் உயிரோட இருக்கிறாரோ எண்டு மட்டும் எனக்குத் தெரியோணும். சின்னனிலை மன்னார் ஆஸ்பத்திரியிலை பென்சிலின் ஊசி போட்டுச் செத்துப் பிழைச்ச மனிசன். அந்த மருந்தின்ர பேர்கூட அவருக்கு வாயிலை வராது. எந்த டொக்டரிட்டைப் போனாலும் நான்தான் முதல் அதைச் சொல்லுறனான். அங்கை ஆர் சொல்லுறது?"

அகஸ்ரீனா தலையை ஆட்டினாள். புருசனைத் தொலைத்த பெண்கள் அவளிடம் சொல்லும் கவலைகளில் இது புதிதல்ல. சாப்பிட்டானோ, குளிருக்குப் போர்த்தானோ, ஊசி போட்டார்களோ. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். இதையும் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள்.

"மடு மண் பைக்குள்ளை வைச்சு விட்டனான்" என்று விமலராணி தொடர்ந்தாள். "அதாலைதான் பாம்பைக் கழுத்திலை போட்டும் ஒண்டும் செய்யேல்லை."

மடு மாதா கோயில் மண் கையிலிருந்தால் பாம்பு அண்டாது என்பது மன்னார் ஆட்களுக்குப் பால் குடிக்கிற வயதிலேயே தெரியும். அகஸ்ரீனாவும் மன்னார்க்காரிதான். ஆனாலும் அவள் இப்போது றொனியின் பக்கம் திரும்பினாள்.

"என்னெண்டு உனக்குப் பாம்பைத் தெரியும்?"

"போன உயிர்த்த ஞாயிறுக்குப் பங்கு மண்டபத்திலை ஏதேன் தோட்டம் நாடகம் போட்டதெல்லோ அக்கா. நான்தான் ஆதாம். இது அந்தப் பாம்பு. ஒத்திகையிலை ஒரு கண் கழண்டு போச்சு. என்ர சேட்டுப் பொத்தானைப் பிடுங்கித்தான் தைச்சது. பாருங்கோ, பச்சைப் பொத்தான், நாலு ஓட்டை."

"ஆதாமுக்கு ஏதடா சேட்டு?"

"பாதர் சேட்டில்லாமல் ஏற விடேல்லை."

அகஸ்ரீனா சிரிக்கவில்லை. படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். கொன்ஸ்ரன்ரைன் கழுத்தில் பாம்போடு, கண்ணை அகலத் திறந்து, பயந்த மாதிரி நடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பாம்பின் ஒரு கண் கறுப்பு மணி. மற்றக் கண்ணில் சந்தேகமில்லாமல் நாலு ஓட்டை இருந்தது.

பிறகு அவள் மற்றப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். இடிந்த தூண்கள், பின்னால் கடல். கல்லில் பதித்த மீன்கள். நீலக் கதவு. வாசனைச் சீசாக்கள் அடுக்கிய கடை. நாடக அரங்கின் வெள்ளை முகப்பு. எல்லாம் தபாலட்டை போலத் துப்புரவாக இருந்தன. அந்தத் துப்புரவுதான் அவளை உறுத்தியது.

"விமலா, இவர் பலேர்மோவிலை எடுத்த படம் ஏதும் வைச்சிருக்கிறியோ?"

இருந்தது, ஏராளமாக. பேராலயத்தின் முன்னால் கொன்ஸ்ரன்ரைன். பெல்லெக்ரீனோ மலையில் புனித றொசாலியாவின் குகை வாசலில் கொன்ஸ்ரன்ரைன். புதிதாக வாங்கிய பிறிஜ்ஜின் முன்னால், அதன் கதவில் கை வைத்தபடி கொன்ஸ்ரன்ரைன்.

"இதுதான் எங்கடை ஆக்கள்" என்றாள் அகஸ்ரீனா. "உலகத்திலை எந்தக் கட்டடத்துக்கு முன்னாலை போனாலும் பாதியை மறைச்சுக்கொண்டு நிண்டால்தான் படம். கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போன மனிசன் ஒரு தூணுக்கு முன்னாலையாவது நிக்கேல்லை. நிண்டது ஒரே ஒரு படத்திலை. அந்தப் பாம்பு எங்கடை பங்கு மண்டபத்துப் பாம்பு."

"அப்ப?" என்றாள் விமலராணி.

"உன்ர மனிசன் துனிசுக்குப் போகவேயில்லை. கப்பலே ஏறேல்லை. இந்தப் படம் பலேர்மோவிலை எடுத்தது."

சொல்லி முடித்த பிறகுதான் அதை இப்படிப் போட்டு உடைத்திருக்கக்கூடாது என்று அகஸ்ரீனாவுக்குத் தோன்றியது. விமலராணி எழுந்துவிட்டாள். மூன்று வாரமாகச் செத்துக் கிடந்த முகத்தில் இரத்தம் ஏறியது. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"இஞ்சைதான் இருக்கிறார்" என்றாள். "எங்கையோ ஒளிச்சுக்கொண்டு இருக்கிறார். என்னோட ஏதோ கோவம். அக்கா, நானும் வாறன்."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்கவில்லை. படத்தில் பின்னால் தெரிகிற சிவப்புச் சீலையையும் பொன் குஞ்சத்தையும் அகஸ்ரீனா காட்டியபோது, அதையும் விமலராணிதான் கண்டுபிடித்தாள். கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் மேடை சோடிக்கிறவர்கள் கட்டுகிற சீலை அது. பலேர்மோத் தமிழர்களுக்கு அந்த வேலையைச் செய்கிறவன் ஒரே ஆள். அவன் சுற்றுலாவும் நடத்துகிறான்.

கிரிசாந்தின் கடை சந்தையின் மறுகோடியில் இருந்தது. நடந்தே போகலாம். ஆனால் விமலராணி ஆப்பேயை முதலில் தன் வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லி, உள்ளே ஓடி, மதியத்துக்கு வைத்திருந்த சோற்றையும் மீன்குழம்பையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ஒளித்திருக்கிறவர் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாராம். றொனி கண்ணாடியில் அகஸ்ரீனாவைப் பார்த்தான். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தில் ஓர் ஒட்டகம் சிரித்தது. விமலராணியை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். அகஸ்ரீனா கொன்ஸ்ரன்ரைனின் பெயரையே எடுக்கவில்லை. அடுத்த பயணத்தில் தனக்கும் றொனிக்கும் இரண்டு இடம் வேண்டும், என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டாள்.

கிரிசாந் நல்ல வியாபாரி. நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்தான். பார்தோவில் ரோமர் காலத்து மீனவர்கள் வலை வீசுகிற கற்சித்திரம் இருக்கிறது, மன்னார் ஆட்கள் அதன் முன்னால் நின்று நகர மாட்டார்கள் என்றான். சிடி பூ சயீத்தில் தேவதாருக் கொட்டை மிதக்கிற தேநீர் தருவார்கள். அத்தர்த் தெருவில் உங்களுக்குப் பிடித்த வாசனையைக் கண் முன்னாலேயே கலந்து கொடுப்பார்கள். கடைசி இரவு விருந்தில் பெண்கள் தலையில் குடத்தை அடுக்கிக்கொண்டு ஆடுவார்கள், மேளக்காரர் நம்மையும் பிடித்து இழுத்து ஆட வைப்பார்.

"பாம்பாட்டி?" என்று அகஸ்ரீனா ஆசையாகக் கேட்டாள்.

"அது இப்ப இல்லை அக்கா. அந்தாள் வருசம் பிறந்ததோட விட்டிட்டார். நோட்டீசிலை மாத்தோணும், மறந்து போச்சு."

"பாம்பு வேற வேலைக்குப் போட்டுதோ?" என்றான் றொனி.

அகஸ்ரீனா விமலராணியின் கைபேசியை மேசை மேல் வைத்தாள். பச்சைப் பொத்தான் கண் கிரிசாந்தைப் பார்த்தது. அவன் படத்தைப் பார்த்தான், பிறகு கண்ணாடிக்கு வெளியே ஆப்பேயில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற பெண்ணைப் பார்த்தான். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அவர்தான் கேட்டவர் அக்கா. நான் மாட்டன் எண்டனான்."

கொன்ஸ்ரன்ரைனின் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, முடிந்து மாதக் கணக்காகிறது. உணவகத்து முதலாளி வேலை ஒப்பந்தம் இன்றைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று இழுத்தடித்தான். ஒப்பந்தம் இல்லாமல் புதுப்பிக்க முடியவில்லை. இது மனைவிக்குத் தெரியாது. கிரிசாந்துக்கும், கொன்ஸ்ரன்ரைனின் சிநேகிதன் டெனிஸ்டனுக்கும் மட்டும் தெரியும்.

"பெர்மெஸ்ஸோ இல்லாதவன் எப்பிடி அக்கா கப்பல் ஏறுறது? ஏறினாலும் திரும்பி இறங்க விடுவாங்களோ? அவருக்கு நாலு நாள் வீட்டிலை இருக்கக்கூடாது. அவ்வளவுதான் சொன்னவர். போனையும் பையையும் என்னட்டைத் தந்திட்டு, போற இடமெல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொன்னவர். பாம்பாட்டி இல்லை, என்ன செய்யிறது எண்டு கேட்டன். அவ ஆசைப்பட்டுக் கேட்டவள் எண்டு தானே மண்டபத்திலை போய்ப் பாம்பை எடுத்துக்கொண்டு வந்தவர். இந்தச் சுவரிலைதான் சீலையைக் கட்டி எடுத்தது. எடுக்கேக்கை சிரிச்சுச் சிரிச்சு..."

கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"நாலு நாள் எங்கை இருந்தவர்?"

"டெனிஸ்டனைக் கேளுங்கோ. நான் திரும்பி வந்த அண்டைக்குத் துறைமுகத்திலை போனை வாங்க இவர் நிப்பார் எண்டு பார்த்தன். டெனிஸ்டன்தான் நிண்டவன்."

"தேட வேண்டாம் எண்டு எழுதினது?"

"அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினன்."

சொல்லும்போது அவன் அகஸ்ரீனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீலப் பயணப் பையை இழுத்து வைத்தான். கொன்ஸ்ரன்ரைனின் பை. துனிஸ் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த பை.

"போனை வாங்க வந்தவன் பையை ஏன் வாங்கேல்லை?" என்று அகஸ்ரீனா கேட்டாள்.

"தொட மாட்டன் எண்டிட்டான்."

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது றொனி உற்சாகமாக இருந்தான். ஆள் டெனிஸ்டன் வீட்டில்தான் பதுங்கியிருக்கிறான், பெர்மெஸ்ஸோ முடிந்ததைப் பெண்சாதியிடம் சொல்ல வெட்கம், இப்போதே போய்ப் பிடிக்கலாம் என்றான். அகஸ்ரீனா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒளிச்சிருக்கிறவனுக்கு மாத்த உடுப்பு வேணும், தம்பி. அவன்ர உடுப்பு முழுக்க இதுக்குள்ளை கிடக்கு. சிநேகிதன் ஏன் தொட மாட்டன் எண்டவன்?"

றொனி பையை வாங்கி வண்டியில் வைத்தான். 

வண்டியில் விமலராணி பையைக் கண்டதும் மடிக்கு இழுத்துத் திறந்தாள். மடித்தது மடித்தபடி இருந்த சேட்டுகளுக்கு நடுவில், சின்னத் துணி முடிச்சு ஒன்று. மடு மண். அவள் முடிச்சிட்ட விதமே மாறவில்லை.

"மண்ணை விட்டிட்டுப் போயிருக்கிறார், பாருங்கோ" என்று கடிந்துகொண்டாள். "நல்ல காலம், பலேர்மோவிலை பாம்பில்லை."

லிபெர்த்தா, பணக்காரர் வசிக்கிற பகுதி. தெரு அகலம், மரம், பளிங்குப் படி. அங்கே தமிழர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் எந்த வாசல் மணிப் பலகையிலும் இல்லை. டெனிஸ்டன் ஒரு கிழட்டு வழக்கறிஞரைப் பார்த்துக்கொண்டு அவர் வீட்டிலேயே தங்கியிருந்தான். வரும் வழியில் விமலராணி, அவரைக் கண்டால் ஏசக்கூடாது, முதலில் சாப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாள். கீழே மர நிழலில் அவளை விட்டுவிட்டு இருவரும் மேலே போனார்கள்.

கதவைத் திறந்த டெனிஸ்டனுக்குத் தாடி வளர்ந்திருந்தது. வெயில் கண்டு பல நாளான முகம். அகஸ்ரீனாவைக் கண்டதும் கதவை மூடவும் இல்லை, வாங்கோ என்று சொல்லவும் இல்லை. பேசாமல் திரும்பி அடுப்படிக்கு நடந்தான். அவர்களும் பின்னால் போனார்கள். உள்ளறையில் கிழவர் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியிலை போறேல்லையோ?" என்று அகஸ்ரீனா கேட்டாள்.

"எப்பிடிப் போறது? நான் செத்துப் போனன், அக்கா."

"செத்த ஆளுக்குக் கோப்பி நல்லா மணக்குது" என்றான் றொனி.

அன்று அவன் சொன்ன கடைசிப் பகிடி அதுதான்.

டெனிஸ்டன் அடுப்பைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினான். கொன்ஸ்ரன்ரைனுக்குப் பித்தப்பையில் கல். வேலையில் நிற்கும்போதே வலி பிடித்துச் சுருண்டு விழுவான். வீட்டுக்குத் தெரியாமல் காட்டிய ஒரு டொக்டர், வெட்டி எடுத்தால் சரி என்றார். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் பெர்மெஸ்ஸோ கேட்பார்கள், இல்லை என்று கண்டால் குவெஸ்தூராவுக்கு, அதாவது பொலிசின் வெளிநாட்டார் பிரிவுக்கு, அறிவித்துப் பிடித்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று பயந்தான். டெனிஸ்டனுக்கு நல்ல பெர்மெஸ்ஸோ, நல்ல மருத்துவ அட்டை. இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே மாதிரித் தாடி, வெள்ளைக்காரருக்கு ஒரே முகம். நாலு நாளைக்கு அட்டையைக் கொடுத்தால் என்ன?

"அவளுக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவவுக்குப் பொய் வராதே அக்கா. வந்திருந்தா வாசலிலேயே புருசன்ர பேரைச் சொல்லியிருப்பா. அதாலைதான் துனிஸ் எண்டு சொல்லுவம் எண்டு..."

அகஸ்ரீனாவுக்கு அப்போது அந்த நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து விமலராணி சொன்னது முழுவதும் ஞாபகம் வந்தது. ஒரு சொல் விடாமல் வந்தது. 

"கேள்வி கேட்டிருப்பினமே" என்றாள். "அதுக்கு என்ன சொல்லிக் குடுத்தனீ?"

"நான் எப்பிடியோ அப்பிடிச் சொல்லு எண்டனான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ டெனிஸ்டன், ஞாபகம் வைச்சிரு, எதைக் கேட்டாலும் நோ எண்டு சொல்லு எண்டனான். வருத்தம் ஏதும் இருக்கோ, நோ. மருந்து ஏதும் முந்தி ஒத்துவராமல் போனதோ, நோ. நல்லாப் பாடமாக்கினவன்."

"ஊசி."

"ஒப்பரேசனுக்கு முதல் கிருமிக்குப் போடுற ஊசி, ஏதோ பென்சிலின் எண்டு சொல்லிச்சினம். வெட்டவேயில்லை அக்கா. அதுக்குள்ளை எல்லாம் முடிஞ்சு போச்சு. என்ர அட்டையிலை முந்தி நான் அந்த மருந்து எடுத்திருக்கிறன் எண்டு இருந்ததாம். அவையிலை என்ன பிழை?"

உள்ளறைத் தொலைக்காட்சியில் யாரோ பாடினார்கள், யாரோ கைதட்டினார்கள். டெனிஸ்டன் அடுப்பை அணைத்தான்.

"ஆஸ்பத்திரியிலை குடுத்த நம்பர் என்ரை. டெனிஸ்டன்ர ஆக்களோ கதைக்கிறது எண்டு டெனிஸ்டனிட்டையே கேட்டினம். ஓம், அவன்ர மச்சான் கதைக்கிறன் எண்டன். போய்ப் பார்த்தன். அங்கை குளிர்ப் பெட்டியிலை என்ர பேர் படுத்திருக்கு. கையெழுத்துப் போடச் சொல்லிச்சினம். நான் ஓடி வந்திட்டன். திரும்பத் திரும்பப் போன் எடுக்கினம். நான் தூக்குறேல்லை."

"அந்தச் செய்தி?"

"புருசன் விட்டிட்டு ஓடினான் எண்டா கோவம் வரும். கோவத்திலை எண்டாலும் சீவிப்பா எண்டு நினைச்சம். செத்துப் போனார் எண்டு சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. பயமும்தான், அக்கா. பொய் சொல்லேல்லை. பயம்தான் கூட."

 அகஸ்ரீனா பேசியபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"ஆஸ்பத்திரி ஆரையும் குவெஸ்தூராவுக்குக் காட்டிக் குடுக்கிறேல்லை. பேப்பர் இல்லாதவனையும் அவன்ர பேரிலேயே பார்ப்பினம். இந்த நாட்டுச் சட்டமே அதுதான். அவன் கொன்ஸ்ரன்ரைன் எண்டே போயிருக்கலாம். விமலாவும் பக்கத்திலை நிண்டிருக்கலாம்."

"எங்களுக்குத் தெரியாதே."

அகஸ்ரீனா இதைப் பூசை முடிந்து சொல்லியிருக்கிறாள், கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டுவார்கள். ஒருவரும் நம்புவதில்லை. பேப்பர் இல்லாதவனுக்கு ஒரு நாடு நல்லது செய்யும் என்று எப்படி நம்புவது? றொனி சன்னலோரம் போய் நின்றான். கீழே ஆப்பேயின் கூரை தெரிந்தது. அதன் மேல் அவனே தீட்டிய எலுமிச்சம்பழங்கள் தெரிந்தன.

"அவன் அவன்ர பேரிலை அடக்கமாகோணும்" என்றாள் அகஸ்ரீனா. "அதுக்கு நீ வந்து அங்கை படுத்திருக்கிறது நானில்லை எண்டு சொல்லோணும்."

"சொன்னா எனக்கு?"

"வழக்கு வரும். பெர்மெஸ்ஸோ போனாலும் போகும். இல்லையெண்டு சொல்ல என்னாலை ஏலாது."

டெனிஸ்டன் உள்ளே போய்க் கிழவரின் தலையணையைச் சரிசெய்து, தண்ணீர்க் குவளையைக் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டான். மூவரும் படியால் இறங்கினார்கள். லிப்ட் இருந்தது. ஆனால் சீக்கிரம் கீழே போய்ச் சேர யாருக்கும் மனமில்லை.

மர நிழலில், வரைபடமும் தொப்பியுமாக ஒரு பயணிச் சோடி விமலராணியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. நகரம் சுற்றிப் பார்க்க இந்த வண்டி கிடைக்குமா என்று கேட்டிருப்பார்கள். அவள் சிரித்தபடி, சாரதி வந்துகொண்டிருக்கிறார் என்று மேலே கை காட்டினாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள்.

அகஸ்ரீனா வந்தாள். றொனி வந்தான். டெனிஸ்டன் வந்தான். விமலராணி டெனிஸ்டனைத் தாண்டி, இன்னும் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். கதவு மெதுவாகத் தானே சாத்திக்கொண்டது.

"பின்னாலை வாறாரோ?"

பயணிகள் றொனியிடம் திரும்பினார்கள். அவன் இல்லை என்று தலையசைத்தான். எதற்கு இல்லை என்கிறான் என்று புரியாமல் அவர்கள் நகர்ந்து போனார்கள்.

"விமலா" என்றாள் அகஸ்ரீனா. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட செய்தி சொன்னவள். இன்றைக்கு எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "அவர் சுகமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனவர். உன்னைக் கவலைப்படுத்தக் கூடாது எண்டுதான் துனிஸ் எண்டு சொன்னவர்."

"ஆஸ்பத்திரிக்கோ?" அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஆள் இருக்கிற இடம் தெரிந்துவிட்டதே. "சரி, போவம். எந்த ஆஸ்பத்திரி? தனியவே போனவர்? அப்ப ஊசி விசயம் ஆர் சொன்னது?"

 விமலராணி றொனியைப் பார்த்தாள். எப்போதும் ஏதாவது சொல்கிற அந்த வாய் இறுக மூடியிருந்தது. டெனிஸ்டனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

 அவள் திரும்பி, டப்பாவை ஆப்பேயின் இருக்கையில், நீலப் பைக்குப் பக்கத்தில், குழம்பு சிந்தாமல் மெதுவாக வைத்தாள். மூடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகுதான் தெருவோரத்தில் உட்கார்ந்து, இல்லாமல் போனவனுக்காக அழத் தொடங்கினாள்.